அலைப்பலகை மேல் மூன்று மூச்சு

வாசலிலேயே துண்டை உதறிவிட்டு உள்ளே வருகிற என் அப்பாவுக்கு,

முதலில் ஒரு கேள்வி. உங்களுக்கு நீச்சல் தெரியுமா? இருபத்தாறு வருடம் உங்கள் மகளாக இருந்தும் இதைக் கேட்டதே இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "ஆருக்குத் தெரியும் சாமி? அவரு தண்ணியத் தேடிப் போனவரு. தண்ணியில எறங்கி நான் பாத்ததில்ல" என்றார்.

ஏன் கேட்கிறேன் என்றால், போன மாதம் நான் கடலில் இறங்கினேன். கால் நனைக்க இல்லை. பலகை மேல் ஏறி அலையில் நிற்பார்களே, அந்த சர்ஃபிங். சிரிக்காதீர்கள். மல்லசமுத்திரத்துக்காரி, கிணற்றில்கூட இறங்கியதில்லை. நம்மை இறங்க விட்ட கிணறு எது? தோட்டத்துக் கிணறுகளில் பசங்கள் குதிக்கும் சத்தம் நம் தெருவரை கேட்கும். நம் தெருப் பசங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதோடு சரி.

போனதற்குக் காரணம் ஒரு தாள். நீங்கள் எங்களை விட்டுப் போய் மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நீங்கள் போர் போடப் போன ரிக் வண்டியின் ஆபீஸ் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். உங்களுக்கு வந்த நோய்க்கும் போர் போடும் வேலைக்கும் சம்பந்தம் இல்லை, பீடிப் பழக்கத்தால் வந்தது என்று டைப் அடித்து வைத்திருந்தார். அம்மா கையெழுத்துப் போட வேண்டுமாம்.

பீடியா? நீங்களா? உங்கள் நெஞ்சு எக்ஸ்ரே ரிப்போர்ட்டை டைப் செய்தவளே நான்தானே! ஃபேர்லேண்ட்ஸில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில், டாக்டர் சொல்லச் சொல்ல, பாறைத் தூசியால் நுரையீரல் கெட்டிருக்கிறது என்று இந்த விரல்களால்தான் அடித்தேன். அடித்து முடித்து, பெயரைச் சரிபார்த்து, பிரிண்ட் எடுத்தேன்.

ஆனால் தம்பி அதே ரிக் வண்டியில்தான் வேலைக்குப் போகிறான். கையெழுத்துப் போடாவிட்டால் அவன் வேலை போகும். போட்டால் அவனும் அதே தூசியைத்தான் இழுக்கப் போகிறான், நாளைக்கு அவனுக்கும் ஒரு பீடித் தாள் வரும். "அடுத்த ஞாயித்துக்கெழம வாரனுங்க" என்று மேனேஜர் கிளம்பினார். நான் தலையைக் குனிந்து நின்றேன். என்மேல் எனக்கே எரிச்சல்.

கூட வேலை பார்க்கும் ஷாகிராதான் இழுத்துக்கொண்டு போனாள். "அந்தத் தாளையே பாத்துட்டு உக்காராதடி. சனிக்கிழம கடலுக்குப் போறோம், வா." அவளிடம் சொல்லாத காரணம் ஒன்று எனக்கு இருந்தது. உங்களிடம் சொல்கிறேன். கடைசி மாதம் நீங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினீர்கள். ஒவ்வொரு மூச்சையும் எங்கிருந்தோ இழுத்தீர்கள். மூச்சு முட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இது பைத்தியக்காரத்தனமா?

சென்னைக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். சொல்லிக்கொடுத்தவள் ஜெனிட்டா, வலை வீசுகிறவரின் மகள், என் வயதுதான். பலகையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும், யோசிக்காமல் ஒரு கை அள்ளி வாயில் விட்டேன்.

"இன்னாக்கா இது! குடிக்கிற?" என்று கத்தினாள்.

"டெஸ்ட் பண்றேன்."

"கடல் தண்ணி உப்பா இல்லியான்னா? எந்த ஊருக்கா நீ?"

கரையில் ஷாகிரா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் துப்பிக்கொண்டே சிரித்தேன். என்ன செய்வது, உங்கள் பழக்கம். லீவில் ஒருமுறை நாமகிரிப்பேட்டை பக்கம் போர் போடும் இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள். வெள்ளை வெள்ளையாகப் பாறை மாவு புகைந்தது. உங்கள் மூக்கைச் சுற்றி ஒரு துண்டு மட்டும். திடீரென்று புகை அடங்கி, சேறு கக்கி, தண்ணீர் பீய்ச்சியது. ஊரே உங்களைப் பார்த்தது. துண்டை இறக்கி, ஒரு கை பிடித்து ருசி பார்த்து, "நல்ல தண்ணிங்கோ!" என்று கூவினீர்கள். அதற்குப் பிறகுதான் தேங்காய் உடைத்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாகம் என்று கேட்டீர்கள். தோட்டத்துக்கார அம்மா சொம்பை உயரத் தூக்கி உங்கள் கையில் ஊற்றினார். நீங்கள் குனிந்து குடித்தீர்கள். அன்றைக்கு எனக்குப் பத்து வயது. அது என்ன கணக்கு என்று இன்றைக்கும் புரியவில்லை. அந்தத் தண்ணீரை உலகத்தில் முதலில் தொட்டதே உங்கள் நாக்குதானே?

சரி, கடலுக்கு வருகிறேன். பலகையில் குப்புறப் படுக்க வேண்டும். அலை வரும்போது ஜெனிட்டா பின்னாலிருந்து தள்ளுவாள். கைகளை ஊன்றி, எழுந்து நிற்க வேண்டும். கேட்க அவ்வளவுதான். முதல் அலையிலேயே புரண்டேன். மூக்கில் உப்பு, காதில் இரைச்சல், மேல் எது கீழ் எது தெரியவில்லை. நெஞ்சு திறக்க மறுத்தது. இதுதானா அப்பா? இப்படித்தான் இருந்ததா?

கால் மணலில் பட்டது. எழுந்து நின்றால் தண்ணீர் இடுப்புக்குத்தான் இருந்தது. காற்று வாய் நிறைய வந்தது. அங்கேயே நின்று அழுதேன். எனக்குக் கால் ஊன்ற மணல் இருந்தது. உங்களுக்கு ஒரு மாதம் முழுக்க அது கிடைக்கவில்லையே!

இரண்டாவது, மூன்றாவது, ஏழாவது. எல்லாம் விழுந்தேன். ஜெனிட்டாவுக்குப் பொறுமை போய்விட்டது. "எதுக்குக்கா கீழயே பாக்குற? பலகைல இன்னா எழுதியிருக்கு? கீழ பாத்தா கீழதான் விழுவ. கரையப் பாரு!"

எனக்குத் திக்கென்றது. போர் போடுகிறவர் வீட்டில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் கண் தானாகத் தரைக்குப் போகிறது. முதலாளி வீட்டு ஆள் வந்தாலும் தரைக்குத்தான் போகிறது. இரண்டும் ஒரே கழுத்துதான். இதை யார் பழக்கினார்கள்? உங்களை யார் பழக்கினார்கள்?

பதினோராவது அலையில் கரையில் காய்ந்துகொண்டிருந்த நீல வலையைப் பார்த்தேன். அதை மட்டும். காலடியில் பலகை நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டேன். நின்றேன் அப்பா. மூன்று மூச்சு எண்ணினேன், மூன்றும் முழு மூச்சு. நான்காவதற்குள் விழுந்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் வந்தார். வெயிலில் வியர்த்து வழிந்தது. அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"இல்லீங்க, இப்பத்தான் குடிச்சனுங்க" என்று சொம்பைத் தொடாமல் பேனாவை நீட்டினார். "ஒரே ஒரு கையெழுத்துங்க. தம்பிக்கும் நல்லதுதானுங்க."

அவர் முகத்தைப் பார்த்தேன். "எங்கப்பா ருசி பாத்துச் சொன்ன தண்ணிய எத்தன ஊரு குடிக்குதுங்க. எங்கூட்டுச் சொம்புத் தண்ணி மட்டும் உங்களுக்கு ஆகாதுங்களா?"

"அட, என்னம்மிணி, அதையும் இதையும் முடிச்சுப் போடறீங்க?"

"அப்ப குடிங்க."

அவர் குடிக்கவில்லை. அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொம்பை எடுத்துத் தானே மடமடவென்று குடித்தார். தாளை மடித்து அவர் பக்கம் நகர்த்தினார். "அவரு பீடி குடிச்சதில்லீங்க. பொய்யில நான் கையெழுத்துப் போடமாட்டனுங்க." நம் அம்மாதான் அப்பா!

தம்பிக்கு அடுத்த நாளே போன் வந்தது, வண்டிக்கு வர வேண்டாம் என்று. என்மேல் பாய்ந்தான். "பலக மேல மூணு செகண்டு நின்னுட்டு வந்து என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!" ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் செய்தது சரிதானா? தெரியவில்லை. அவன் சாப்பிடாமல் எழுந்து போன நாளில் தப்பு என்றுகூடத் தோன்றியது.

போன புதன்கிழமை அவனே ஸ்கேன் சென்டருக்கு வந்து நின்றான். "எனக்கும் ஒரு படம் எடுத்துப் பாத்தர்லாம்" என்றான். அந்த ரிப்போர்ட்டையும் நான்தான் டைப் செய்தேன். மூன்று வருடத் தூசி இன்னும் உள்ளே ஊறவில்லை. நுரையீரல் சுத்தம் என்று அடிக்கும்போது எழுத்து கலங்கித் தெரிந்தது. வெளியே வந்ததும் கேட்டான்: "ஏக்கா, அந்தப் பலகையில ஆம்பளைகளும் ஏறலாமா?"

இப்போது மருந்துக் கடை ஒன்றில் வேலை தேடிப் பிடித்திருக்கிறான். உங்கள் ரிப்போர்ட்டை வைத்துத் தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை நேரில் போகிறேன். அலைக்கழிப்பார்கள், தெரியும். பதினோரு தடவை போகிறவள்தான் நான்.

பொங்கல் லீவுக்கு அம்மாவையும் தம்பியையும் அந்தக் கடலுக்குக் கூட்டிப்போவேன். யாரும் இறங்குவதற்கு முன்னால் ஒரு கை அள்ளி நான்தான் ருசி பார்ப்பேன். உப்புத்தான். இருந்தாலும் உங்களைப் போலவே, கரை முழுக்கக் கேட்கும்படி கூவிச் சொல்வேன்.

நிமிர்ந்து பார்க்கப் பழகிக்கொண்டிருக்கும்
உங்கள் மூத்த பிள்ளை,
பூங்கொடி