கவிழ்த்து வைத்த ஐம்பது கூடுகள்

அண்ணாச்சி,

இன்று காலை எழுந்ததும் முதலில் பால்கனிக் கதவைத் திறந்து வானத்தைப் பார்த்தேன். விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. இந்தப் பாலைவன ஊர் முசஃபா முழுக்கப் பழுப்பு. மூக்கில் புழுதி வாடை ஏறியது. கதவைச் சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போய்ச்சேர்ந்துவிட்டதாகத் தூத்துக்குடியிலிருந்து உங்கள் வீட்டு அக்கா போன் செய்து ஒன்பது நாளாகிறது.

துப்பாக்கி கிளப்பின் பின்னறையில் நாம் இருவர்தான். சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் வாளி வாளியாக வரும். விரிந்துபோன கழுத்தை அச்சில் அழுத்திச் சுருக்கினால்தான் அது புதுக் குண்டைப் பிடித்துக்கொள்ளும். அழுத்துமுன் கழுத்துக்குள் சின்னப் பிரஷ்ஷால் எண்ணெய் தடவுவதும், அழுத்தியபின் அதைத் துடைத்தெடுப்பதும் என் வேலை. வெடிமருந்து நிரப்புவது நீங்கள். பி.எஸ்சி. படித்தவள் என்பதால் எனக்கு நீங்கள் வைத்த பெயர் கெமிஸ்ட்ரி. "கெமிஸ்ட்ரி, தலைக்குத் தடவுத மாதிரி தடவாத. கூட்டுக்குச் சளி பிடிச்சிரும்" என்பீர்கள்.

சளி பிடித்தால் என்ன ஆகும் என்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். மிஞ்சிய எண்ணெய் மருந்தில் ஊறிவிடும். விசையை அழுத்தினால் சத்தமே வராது. வெடிக்கவில்லை என்று நினைத்து ஒருவர் துப்பாக்கியைத் திறக்கும் நேரம் பார்த்து வெடிக்கும்.

அதனால் நமக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். துடைக்காத கூடு பலகையில் வாய் மேலே பார்த்து நிற்கும். துடைத்தது கவிழ்ந்திருக்கும். கவிழ்ந்ததை நீங்கள் கேள்வி கேட்காமல் எடுத்து நிரப்புவீர்கள்.

அந்த வியாழன் மதியமும் வானம் இந்த நிறத்தில்தான் இருந்தது. மறுநாள் போட்டி. நீங்கள் மைதானத்தில் குறிப்பலகை நட்டுக்கொண்டிருந்தீர்கள். புழுதிக் காற்று வருகிறதென்று கம்பெனி பஸ் முன்னதாகவே கிளம்ப, டிரைவர் "யல்லா, யல்லா" என்று ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். துடைக்க வேண்டிய கூடுகள் ஐம்பது மீதி. ஜன்னல் இடுக்கு வழியாக மண் வந்துகொண்டிருந்தது. எண்ணெய் ஈரத்தில் ஒட்டிவிடுமே என்று ஐம்பதையும் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடினேன். காலையில் துடைத்துக்கொள்ளலாம் என்றுதான். கவிழ்த்தால் உங்களுக்கு என்ன அர்த்தம் என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் எனக்குத் தோன்றவில்லை.

கிளப்பிலேயே தங்கியிருந்த நீங்கள் அன்று மாலையே அவற்றை நிரப்பிவிட்டீர்கள். காலையில் நான் இறங்கியபோது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. போட்டிக்கு முன் விடியற்காலைப் பயிற்சியில் சுட்டவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

மேனேஜர் அறைக்குப் போகுமுன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"அந்தப் பலகைல இருந்ததயெல்லாம் தொடச்சிட்டுத்தானம்மா கவுத்த?"

அந்த ஒருமுறைதான் நீங்கள் என்னைக் கெமிஸ்ட்ரி என்று கூப்பிடவில்லை. ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்கு ஜன்னலில் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப நாந்தான் எங்கியோ விட்டிருக்கேன்" என்றீர்கள்.

நீங்கள் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. உள்ளே போய் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். மேனேஜர் "கலாஸ்" என்றார், முடிந்தது என்று. ஐந்தாம் நாள் விசா ரத்தாகி விமானம் ஏறினீர்கள். அதன்பின் எப்போதாவது போன் கார்டு வாங்கிப் பேசினேன். நீங்கள் என் பிள்ளைகளை விசாரித்தீர்கள், நான் உங்கள் உடம்பை விசாரித்தேன்.

அக்கா போனில் அழவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்கள். "தூக்கத்துலகூட கேப்பாவ தாயி. நெறைக்கும்போது கை நடுங்கிச்சோ, கண்ணு தப்பிச்சோன்னு. கடேசி வர அதே கேள்விதான்."

இப்போதும் அதே பின்னறைதான், உங்கள் இடத்தில் இந்திக்காரர் ஒருவர். கவிழ்ந்திருக்கும் ஒவ்வொரு கூட்டையும் நிமிர்த்தி, பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றிப் பார்த்த பிறகே அவரிடம் கொடுக்கிறேன். "பாபி, வஹம் ஹை ஆப்கோ" என்று அவர் சிரிப்பார். சந்தேகப் புத்தி என்கிறார். இருக்கட்டும்.

பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவர் குளிக்கிறார். மேனேஜர் ஒன்பது மணிக்கு வருவார். உங்கள் ஃபைலை எடுக்கச் சொல்லி, துடைக்காமல் கவிழ்த்தது நான் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். ஊருக்கு அனுப்புவார்களோ, போலீஸுக்கோ, தெரியாது. யார் வந்து கூட்டிக்கொண்டு போனாலும், அதற்கு முன்பே அக்காவுக்குப் போன் செய்துவிடுவேன்.