இடுப்பில் பிடித்த தையல்

என் நெட்டைப் பிள்ளைக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகம். உன் சுகத்தைப் பற்றி நீ சொல்வதை மட்டும் இனிமேல் அப்படியே நம்புவதாக இல்லை. ஏன் என்று கீழே வரும். உடனே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

போன வாரம் நீ போனில் ஒன்று கேட்டாய். பட்டாளத்தில் உன் காலம் முடிகிறது, இன்னும் சில வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போடட்டுமா என்று. போடு என்று நான் சொன்னேன். அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மாசக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும் என்றாய். இன்னும் கொடுக்கவில்லை என்றால் இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கொடு. போனிலேயே சொல்லலாமே என்பாய். உன் பக்கம் நாலு பேர் போனுக்கு வரிசையில் நிற்கிறார்கள், என் பக்கம் மெஷின் ஓடுகிறது. இதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்காவிட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவின் மோட்டார் ரிப்பேர் கடை வழக்கம்போல. மாடி வீட்டுக்காரரின் தண்ணீர் மோட்டாரை மறுபடியும் பிரித்துப் போட்டிருக்கிறார். அது தேறாது என்று இரண்டு பேருக்குமே தெரியும். பேச்சுத் துணைக்காக அதை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் தையல் கூடத்தில் பள்ளிச் சீருடை வேலை ஒருவழியாக முடிந்தது. எல்லாரும் இடுப்பொடியத் தைத்ததற்காக முதலாளியம்மா ஒரு நாள் சுற்றுலா ஏற்பாடு செய்தார். வீட்டு ஆளையும் கூட்டி வரலாம் என்றார். அப்பாவை அவருடைய ஸ்பானரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனேன்.

எங்கே போனோம் தெரியுமா? அந்தக் காலத்தில் சண்டை நடந்த ஒரு மலைக்கு. உச்சியில் பீரங்கி மேடை, பதுங்கு குழி, பாறையைக் குடைந்து போட்ட சுரங்கம் எல்லாம் அப்படியே இருக்கிறது. டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். பஸ் பாதி மலை வரைக்கும்தான், மிச்சம் படி. எங்கள் பொத்தான் அக்காவை உனக்குத் தெரியுமே, பொத்தானைத் தைக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் வாயைத் தைக்காமல் இருப்பவள். அவள் பாதிப் படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, சண்டை போடறவங்க கொஞ்சம் கீழே இறங்கி வந்து போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டாள். மேலே போய்ச் சேருவதற்குள் எல்லாருக்கும் அதே கருத்து வந்துவிட்டது.

உச்சியில் கைடு வேண்டுமா வேண்டாமா என்று எனக்கும் அப்பாவுக்கும் ஒரு சண்டை. ஏறியாச்சு, சுத்திப் பாத்துட்டு இறங்கணும், இதுக்கு எதுக்கு ஒருத்தன் என்றார். கஞ்சத்தனம் என்று நினைத்துத் திட்டினேன். அவர் பீரங்கி மேடையின் சுவரில் போய் உட்கார்ந்து, பீரங்கியின் சக்கரத்தில் துரு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார். நான் மற்றவர்களோடு கைடு பின்னால் போனேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கைடு சொல்வதைக் கேட்பதற்காகப் போகவில்லை, நான் சொல்வதற்காகப் போனேன். கைடு மடித்த குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுரங்க வாசலில் நின்றதுமே, என் பையனும் இப்ப மலை மேலதாங்க காவலுக்கு இருக்கான் என்று ஆரம்பித்துவிட்டேன். நல்ல மனுஷர். உடனே எல்லாரையும் நிறுத்தி, நம்மகூட ஒரு வீரரோட அம்மா வந்திருக்காங்க என்றார். முன்பின் தெரியாதவர்களெல்லாம் கை தட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. அந்தக் கைத்தட்டலை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சுரங்கத்துக்குள் சிப்பாய்கள் தூங்கிய இடத்தைக் காட்டினார். அலமாரித் தட்டு மாதிரி பாறையில் குடைந்திருக்கிறது, மேலே ஒன்று, கீழே ஒன்று. கூட்டத்தில் யாரையாவது படுக்கச் சொல்லிக் காட்டுவது அவர் வழக்கமாம். வீரரோட அம்மாவே படுக்கட்டும் என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டே படுத்தேன். தலை ஒரு சுவரில், கால் ஒரு சுவரில். நான் உன் தோளுக்குக்கூட வரமாட்டேன், எனக்கே கால் இடித்தது. பொத்தான் அக்கா போட்டோ எடுத்தாள். பாறையின் ஈரம் முதுகில் ஏறியபோது, நீ எங்கே காலை நீட்டுகிறாய் என்று முதல் தடவையாகத் தோன்றியது. நீ போய் இத்தனை காலம் ஆகிறது, முதல் தடவையாக. அப்போதும் சிரித்துக்கொண்டேதான் எழுந்தேன், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு பொம்மைக்கு அந்தக் காலத்துச் சிப்பாயின் உடுப்பைப் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். மற்றவர்கள் தொப்பியைப் பார்த்தார்கள், பூட்ஸைப் பார்த்தார்கள். என் கண் எங்கே போகும், தையலுக்குத்தான் போனது. கால்சட்டையின் இடுப்பைப் பின்பக்கம் பிடித்துத் தைத்திருந்தது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. முதல் தையல் துணி நிறத்து நூலில், ஓரளவு ஒழுங்காக. இரண்டாவது ஏதோ கோணி நூல் மாதிரி முரட்டு நூலில், நீள நீளமாக. எந்தத் தையல்காரனும் அப்படித் தைக்க மாட்டான். ஊசி பிடிக்கத் தெரியாத கை, குளிரில் மரத்த கை.

கைடு அதைத்தான் குடையால் சுட்டிக் காட்டினார். பாதை அடைஞ்சுபோச்சுன்னா மேலே சாப்பாடு வராது, இருக்கிறதைப் பிரிச்சுக்குவாங்க, ரெண்டாவது குளிர்காலத்துல இங்க இருந்த எல்லாருமே இடுப்பைப் பிடிச்சுத் தைச்சுக்கிட்டாங்க என்றார். வீட்டுக்கு எழுதினப்ப ஒருத்தர்கூட இதை எழுதலை என்றும் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு நடந்தார், கூட்டமும் போனது. நான் மட்டும் அந்தக் கண்ணாடி முன்னால் நின்றேன்.

போன லீவில் நீ கொண்டு வந்த பேன்ட் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அந்த நிமிஷத்திலிருந்து வேறு எதுவும் ஞாபகத்தில் இல்லை. துவைத்துக் காயப்போட்டதை மடிக்கும்போது பார்த்தேன். பச்சைத் துணியில் கறுப்பு நூல், இடுப்பில் இரண்டு பக்கமும் கோணல்மாணலாகப் பிடித்திருந்தாய். தையல்காரி பிள்ளை தைத்த லட்சணத்தைப் பார் என்று கூடத்துக்கே எடுத்துப் போய்க் காட்டினேன். பொத்தான் அக்கா உனக்கு அங்கேயே வேலை போட்டுத் தருவதாகச் சொன்னாள். நீயும் சிரித்தாய். ஏன்டா இப்படிப் பிடிச்சே என்று கேட்டதற்கு, இப்ப இடுப்புல ஒட்டினாப்பல போடறதுதாம்மா ஃபேஷன் என்றாய்.

நம்பினேன் என்று எழுதினால் பொய். டேப் என் கழுத்தில்தான் தொங்கியது. உன்னை நிற்க வைத்து இடுப்பை அளந்தேன். நீ பட்டாளத்துக்குப் போகும்போது நான் தைத்துக் கொடுத்த அளவு எனக்கு மனப்பாடம். ஊரில் யாருக்காவது ஒரு விரல்கடை குறைந்தாலும் உடம்பு சரியில்லையா என்று வாய் ஓயாமல் விசாரிப்பவள் நான். என் பிள்ளைக்கு ஒரு கை அகலம் குறைந்திருக்கிறது, நான் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு உன் தையலைப் பற்றிக் கேலி பேசினேன். கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயம். சொல்லிவிட்டால், மெஷினுக்கு மேலே உன் சீருடைப் போட்டோவை மாட்டி வைத்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நான் அடித்துக்கொள்ளும் பெருமையை என்ன செய்வது?

இன்னும் ஒன்று இருக்கிறது, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் யாருக்குத் தைத்தாலும் உள்ளே துணி விட்டுத் தைப்பேன். உடம்பு போடும், அப்போது பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று. உன் தையலைப் பிரித்து நான் ஒழுங்காகத் தைத்தபோது, உள்ளே தடிப்பாக உறுத்துமே என்று மிச்சத் துணியைக் கத்தரித்து எடுத்துவிட்டேன். குப்பையிலும் போட்டுவிட்டேன். நீ பழையபடி ஆவாய் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை பார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவிடம் கண்ணாடிப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, போன லீவுல அவன் சாப்பிட்டதை நீ பாத்தியா என்று கேட்டார். இடது கையால் தட்டை அணைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் வேகவேகமாகச் சாப்பிட்டாயாம். இன்னும் போடட்டுமா என்றால், முதலில் பாத்திரத்தை எட்டிப் பார்த்து மற்றவர்களுக்கு இருக்கிறதா என்று பார்த்தாயாம். பரிமாறியது நான். பார்த்தது அவர். அதைப் பாத்ததுக்கப்புறம் மலை மேல என்ன நடந்துச்சுன்னு கைடு வேற வெச்சுக் கேக்கணுமா என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிறகு நீ போனில் கேட்டதையும் அவரிடம் சொன்னேன். அதுவரை சொல்லவே இல்லை. நீ கேட்ட அன்று என் ஊசிக்குக் கீழே ஒரு காலர் இருந்தது. அதை எடுத்து வைக்கக்கூட இல்லை. இதுல கேக்க என்ன இருக்கு, கையெழுத்தைப் போட்டுட்டு வேலையைப் பாரு, இங்க வந்து அப்பா கடையில ஸ்க்ரூ பொறுக்கப் போறியா என்றேன். நீ சரிம்மா என்றாய். அப்புறம் என்னம்மா தைக்கிறே என்று கேட்டாய். காலர் என்றேன். இவ்வளவுதான் நாம் பேசியது. நீ கேட்க வந்தது வேறு என்று தெரிந்துகொள்ள நான் ஒரு மலை ஏறி இறங்க வேண்டியிருந்தது.

மறுநாள் கூடத்துக்குப் போனால் என் மெஷின் மேல் தாளும், தபால் தலை ஒட்டிய உறையும் இருந்தன. உறையில் கிரீஸ் கைரேகை. கடையைத் திறப்பதற்கு முன்னால் அப்பா வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இது உன் கைக்கு வரும்போதும் அந்தக் கறை இருக்கும், துடைக்க வேண்டாம்.

வந்துவிடு என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவும் ஒரு உத்தரவாகிவிடும். சின்ன வயதிலிருந்தே என் வாய்க்குப் பயந்து சரிம்மா சரிம்மா என்று சொல்லியே பழகியவன் நீ. போடு என்றதற்கும் சரிம்மா, வா என்றதற்கும் சரிம்மா என்றால், உனக்கு என்ன வேண்டும் என்று எனக்கு எப்போதுதான் தெரியும்? அந்த மலை உனக்குப் பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று சொல், அதையும் கேட்டுக்கொள்கிறேன். பிடிக்கவில்லை என்றால் காரணம்கூட வேண்டாம். அப்பா கடையில் ஸ்க்ரூ பொறுக்கினால் ஒன்றும் குறைந்துவிடாது. அவருக்கும் குனிய முடியவில்லை. உன் அறையில் நான் அடுக்கி வைத்திருந்த துணி மூட்டைகளையெல்லாம் எடுத்துவிட்டேன். கட்டில் காலியாக இருக்கிறது, காலை நீட்டலாம்.

உனக்கு ஒரு பேன்ட்டுக்குத் துணி எடுத்திருக்கிறேன். பழைய அளவுக்கே வெட்டியாயிற்று. உள்ளே நிறையத் துணி விட்டிருக்கிறேன். இப்போது போட்டால் தொளதொளவென்றுதான் இருக்கும், இருக்கட்டும். இந்த முறை பிடித்துத் தைக்க மாட்டேன்.

வயிறு நிறையச் சாப்பிட்டு, கால் நீட்டித் தூங்கி, நீ நன்றாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை போன் செய். அன்றைக்குக் கேட்டதை மறுபடியும் கேள். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.

உன் அளவை மறக்காத,
அம்மா