நிற்காமல் போனவன்

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்பு மகள் சுபாவுக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் எனக்கு முட்டிவலி தவிர வேறு குறை இல்லை, லீட்ஸ் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசி எனக்குப் பாடம் நடத்துவாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

எங்கள் முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுக்க ஒரு வழி சொல்லிக்கொடுத்தாயே, ஜெயிலுக்குப் போனவனை வாசலிலேயே விரட்டாதே, முதலில் வேலையைப் பார்த்து மார்க் போடு, பழைய வழக்கை அவனே எழுதி ஒட்டிக் கொடுத்த உறையை அப்புறம் பிரி என்று, அதைக் கமிட்டியில் வாதாடிக் கொண்டுவந்ததே நான்தான். போன வாரம் தனேஷ் என்று ஒருவன் வந்தான், முப்பது வயதிருக்கும், அக்கரையில் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் தினக்கூலி. எங்கள் இல்லத்தில் நடக்க முடியாமல் கிடக்கும் ஹனீபா பாயைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றச் சொன்னோம். யார் தொட்டாலும் கத்துகிற மனிதர் அவன் தோளில் சாய்ந்துகொண்டு, இந்தப் பையனையே வேலைக்கு வைங்க லா என்றார். வந்த ஐந்து பேரில் அவனுக்குத்தான் அதிக மார்க் போட்டேன். பிறகு உறையைப் பிரித்தேன். எட்டு வருடத்துக்கு முன், தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, சூலியா தெரு முனையில் மோட்டாரில் போய் ஓர் அம்மாவின் செயினை அறுத்தேன், இரண்டு வருடம் உள்ளே இருந்தேன் என்று எழுதியிருந்தான். அந்த அம்மா நான்தான்.

ஹெல்மெட்டுக்குள் இருந்த முகத்தை நான் எங்கே பார்த்தேன், அவன் குற்றத்தை ஒப்புக்கொண்ட சமயம் உன் அப்பாவின் காரியத்தில் இருந்ததால் கோர்ட்டுப் பக்கமும் போகவில்லை. அந்தச் செயினோடு தாலி போன நாற்பதாம் நாள் அப்பா போனார். இருதய நோய் என்று டாக்டர் எழுதியும் உன் அத்தை சாவு வீட்டிலேயே, தாலியப் பறிகொடுத்தவ புருஷன எப்படிக் காப்பாத்துவா என்றாள். அந்தச் சொல்லை எட்டு வருடம் விழுங்கிக்கொண்டிருந்தேன். இப்போது அவன் தானாக வந்து கையில் மாட்டியிருக்கிறான், சும்மா விடுவேனா? சந்தோஷமாகவே இருந்தது சுபா, உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும். தகுதியில்லை என்று ஒரு வார்த்தை எழுதி, இந்தத் தீவில் எந்த இல்லமும் அவனைச் சேர்க்காதபடி போனும் போட்டுவிட நினைத்தேன்.

அதற்கு முன் அவன் வாயால் கேட்க வேண்டும் என்று வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டேன். வேலையைப் பற்றி மட்டும் கேள் என்பது உன் சட்டம், அதை மீறினேன். நான் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. தாலியை என்ன செய்தாய் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, செயின வித்துட்டேன் ஆன்ட்டி, தாலிய விக்கப் பயமா இருந்துச்சு, அடுத்த வெள்ளிக்கிழம அந்தத் தெருவுக்குப் பக்கத்து அம்மன் கோயில் உண்டியல்ல போட்டுட்டேன் என்றான். அவங்க விழுந்தத பாத்தேன், நிக்கல என்றும் சொன்னான். அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம் மஞ்சள் கயிற்றோடு நான் அதே கோவிலுக்குப் போய், அறுத்தவன் கை அழுகட்டும் என்று வேண்டி அதே உண்டியலில் காணிக்கை போட்டேன். அம்மன் வாயைத் திறக்கவில்லை, அவள்மேலும் எனக்குக் கோபம்தான். அந்தக் கையும் அழுகவில்லை, அதுதான் ஹனீபா பாயை வலிக்காமல் தூக்கியது.

மன்னித்துவிடம்மா என்பாய். மன்னிக்கவில்லை. வழக்கில் சம்பந்தப்பட்டவள் என்பதால் விலகிக்கொள்கிறேன், அவன் யாரென்று தெரியாமல் போட்ட மார்க் அப்படியே இருக்கட்டும் என்று எழுதி கமிட்டியில் இருக்கும் நர்ஸ் ரூபினி மிஸ்ஸியிடம் கொடுத்துவிட்டேன். வரும் திங்கட்கிழமையிலிருந்து அவனுக்கு வேலை உறுதி. விரட்டினால் ஒரு வாரத்தில் மறந்துவிட்டு வேறு பட்டறைக்குப் போவான், எனக்கு அது போதாது. வேலைக்கு வரும் முதல் நாளே இந்த வெறுங்கழுத்தோடு எதிரில் போய், சூலியா தெருவில் விழுந்தது நான்தான் என்று சொல்வேன். அப்புறம் தினமும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, விழுகிற கிழடுகளையெல்லாம் அவன் தூக்க வேண்டும். ஓடினால் ஓடட்டும். அன்று நிற்காமல் போனவன் இனி நிற்கிறானா என்று பார்க்கிறேன்.

குழந்தைக்கு மார்பில் தைலம் தடவு, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, மூவரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே, அத்தை போன் செய்தால் எதுவும் சொல்லாதே. என் தாலி தொலையவில்லை, அப்பா போன அன்று அம்மன் காலடியில்தான் இருந்தது என்று அவள் வீட்டுக்கே போய் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன்னை நினைத்திருக்கும்
அம்மா சந்திரிகா