ஓமத்தண்ணீரில் தீராதது

ஷிப்ட் பஸ்ஸில் முன் இருக்கைப் பெண் பிளாஸ்க்கைத் திறந்தாள். வறுத்த ஓமம். கொஞ்சம் சுக்கு. ஒரகடம் சந்திப்பில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றிருந்தது. வாசனை போய்விடாமல் ஜன்னலை மூடினேன்.

உன் பிளாஸ்க் என்னிடம்தான் இருக்கிறது.

மாதவிலக்குக்கு முந்தைய வாரம் நம் அறையின் அடுப்பு உன்னுடையது. ஓமம், சுக்கு, வெந்தயம், ஒரு துண்டு கருப்பட்டி. பாதம் வீங்கி ஷூ இறுக்கும். மார்பு வலிக்கும். தட்டு கீழே விழுந்தால் அழுவாய். கம்பெனி லைனில் நீ திருகு முடுக்குகிறவள். நான் இரண்டு மேசை தள்ளிச் சோதித்துப் பார்க்கிறவள். நான் தாவரவியல் படித்தவள் என்பதால் ஒருநாள் என்னிடம் கேட்டாய்: “இதெல்லாம் கேக்குதா, இல்ல நானா நெனச்சிக்கினு கீறனா?”

தேடிப் படித்தேன். மாதவிலக்கு வலிக்கு இஞ்சி உதவலாம் என்று சில சிறிய ஆய்வுகள் சொல்லின. முந்தைய நாட்களின் கோபத்துக்கும் அழுகைக்கும் வெளிநாட்டு நொச்சி வகை ஒன்றின் பழத்தைச் சோதித்திருந்தார்கள். பலன் இருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஓமத்தைப் பற்றி நம்பும்படி எதுவும் என் கண்ணில் படவில்லை.

நீ நொச்சியை மட்டும் பிடித்துக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமை செம்பரம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து கை நிறையத் தழையோடு வந்தாய். இது வேறு செடி, அதற்குச் சொந்தம்தான், குடிக்காதே என்றேன்.

“சொந்தம்னா எங்க சித்தப்பா மாரியா? பேரு கீது, ஆள் ஒதவ மாட்டாரு.”

அதில் ஆவி பிடித்தோம். இருவருக்கும் சளி இல்லை.

தண்டலத்து டாக்டரும் கஷாயத்தைக் குறை சொல்லவில்லை. மாதாமாதம் வேலையை விடும் அளவுக்குப் போகிறதென்றால் அதற்கு மருந்து இருக்கிறது, கஷாயத்தோடு நின்றுவிட வேண்டாம் என்றார். யோசிக்கிறேன் என்றாய்.

உண்மையிலேயே நீ மாதாமாதம் வேலையை விட்டாய். அடையாள அட்டையைக் கழற்றி என் கையில் வைப்பாய், சூப்பர்வைசரிடம் கொடுத்துவிடச் சொல்லி. கொடுக்க மாட்டேன். மாதவிலக்கு வந்த பிறகு முடிவெடு என்பது நம் சட்டம். மறுநாள் பஸ்ஸில் நானே உன் கழுத்தில் மாட்டுவேன். தலைக்குக் குளித்த நாளில் நீயே சிரிப்பாய். மண்ணூரில் உன் வீட்டாரின் கல்யாணப் பேச்சை அந்த வேலைதான் தள்ளி நிறுத்தியிருந்தது. அதை இழக்க விடக்கூடாது என்பது என் எண்ணம்.

கடைசி முறை. கழிப்பறைக்குப் போக மாற்றாள் கேட்டாய். லைன் முழுக்கக் கேட்கும்படி, டயப்பர் கட்டிக்கொண்டு வரலாமே என்றார் சூப்பர்வைசர். சிலர் சிரித்தார்கள். அட்டை என் கைக்கு வந்தது. மறுநாள் வழக்கம்போல மாட்டிவிட்டேன். பிளாஸ்க்கை நிரப்பினேன். காத்திருந்தேன்.

வந்தது. குளித்தாய். இரண்டு இட்லி சாப்பிட்டாய். முகம் தெளிந்திருந்தது. அட்டையை நீயே கழற்றினாய். இந்த முறை என் கையில் வைக்கவில்லை.

“வலி பூடுச்சிடி. அவன் சொன்னது போவல.”

வீட்டில் கல்யாணப் பேச்சை எடுப்பார்களே என்றேன். எடுக்கட்டும், பேசிக்கொள்கிறேன் என்றாய். நேராக எச்.ஆர். அறைக்குப் போனாய். சூப்பர்வைசர் சொன்னதை அப்படியே சொல்லி, அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு வந்தாய். அடுத்த மாதம் வேறு கம்பெனி, வேறு நிறச் சீருடை. கல்யாணமும் நடக்கவில்லை. அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, நீ பிழைக்கவில்லை. அவ்வளவுதான்.

நான் ஆய்வுகளில் பதில் தேடியது உடம்பு கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும். உன்னிடம் இரண்டு இருந்தன.

முன் இருக்கைப் பெண் பிளாஸ்க்கை மூடிவிட்டு என் பக்கம் பாதி திரும்பினாள். “ரெண்டு நாளா எல்லார் மேலயும் எரிஞ்சி வுழுறேங்கா. அந்த நேரம்.”

எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். சொன்னாள். பிறகு கேட்டேன்: “யாரு, இன்னா சொன்னாங்க?”

அவள் முழுதாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.