ஹேவ் நடத்திக் காட்டிய வாரம்

மே 20, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே வெயில் உறைக்கிறது. துணி உலர்த்தி முடிப்பதற்குள் முதலில் போட்டது காய்ந்துவிட்டது.

பத்தேகாலுக்கு, டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்த பள்ளிக்கூடத்திலிருந்து போன்! வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு டெமோ வகுப்பு. இருபது நிமிடம். ஆறாம் வகுப்பு ஆங்கிலம். தலைப்பும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ஹேவ் என்ற வினைச்சொல், அதன் பொருள், பயன்பாடு.

பிள்ளைகளுக்கு லீவு. அதனால் டீச்சர்மாரே பிள்ளைகளாக பெஞ்சில் உட்காருவார்களாம். வேண்டுமென்றே சேட்டையும் செய்வார்களாம். நல்ல கூத்து.

பி.எட். முடித்து மூன்று வருடம் வேலை, பிறகு பதினோரு வருடம் வீடு. போன வருடம் இரண்டு பள்ளியில் டெமோ கொடுத்தேன். இரண்டிலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "சொல்லி அனுப்புதோம்" என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. இந்தத் தடவையும் கைவிட்டுப் போனால் டவுணில் அண்ணன் ஜவுளிக்கடையில் பில் போட வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். நல்ல அண்ணன்தான். எனக்கு அங்கே போக வேண்டாம். எனக்கு வகுப்பு வேண்டும்.

வாங்க வேண்டியது: கலர் சாக்பீஸ், சார்ட் 2, உளுந்து, சேலை ஃபால்ஸ்.

மே 21, புதன்

காலை முழுக்க ஹேவ். இந்த ஒரு சொல் எத்தனை வேலை பார்க்கிறது! குடை இருந்தால் ஹேவ். இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஹேவ். காய்ச்சலும் ஹேவ்தான். காபி குடித்தாலும் ஹேவ். போக வேண்டும் என்றால் ஹேவ் டு. போயிருக்கிறேன் என்றால் ஹேவ் கான். அவன், அவள், அது வந்தால் மட்டும் ஹேஸ்.

தமிழில் குடை என்னிடம் இருக்கும், பிள்ளைகள் எனக்கு இருப்பார்கள், காய்ச்சல் எனக்கு அடிக்கும். வெள்ளைக்காரன் காய்ச்சலைக்கூடக் கையில் பிடித்து வைத்துக்கொள்கிறான். படிக்கிற காலத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. புல்லரித்துவிட்டது. பால் பொங்கி அடுப்பெல்லாம்.

சாயங்காலம் ஒத்திகை. பிள்ளைகளாக உட்கார இரண்டு பேர்: என் வீட்டுக்காரரும், பக்கத்து வீட்டு ஆயிஷா அக்காவும்.

இவர்: "ஏட்டி, இப்படி ஒரு ஆளு அன்னைக்கே சொல்லித் தந்திருந்தா பத்தாங்கிளாஸ்ல நான் இங்கிலீஷ்ல ஃபெயிலாப் போயிருப்பனா?"

ஆயிஷா அக்கா எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு: "ஐ ஹேவ் எ ஹஸ்பண்ட் இன் துபாய்."

சரி என்றேன். "என்ன சரி? மாப்பிள்ள அங்கன, ஹேவ் மட்டும் இங்கன" என்றாள். சிரித்துச் சிரித்து வயிறு வலி.

மே 22, வியாழன்

கரண்ட் இல்லை, இரண்டு மணி நேரம். வியர்வையில் சார்ட் எழுத்து கலைந்து, மறுபடி எழுதினேன்.

பையில்: குடை, ஃபிளாஸ்க், கலர் சாக்பீஸ், ஒரு கைக்குட்டை (காய்ச்சலுக்கு, நெற்றியில் கட்ட).

இவர்: "பைய பேசு. ரயிலு மாரி போற."

பயமா, சந்தோஷமா, தெரியவில்லை. இரண்டும்தான். ஜெபம் பண்ணினேன். கூடவே ஹேவ், ஹேஸ், ஹேட்.

மே 23, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

பெஞ்சில் ஐந்து டீச்சர்மார், தலைமை ஆசிரியை. நான் ஆரம்பித்த பிறகு வெள்ளைச் சட்டையில் ஒருவர் வந்து கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும். பி.டி. மாஸ்டர் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு நிமிடம் அதே கதை. நாக்கு வரவில்லை. குடையை எடுத்தேன், விரிக்க வரவில்லை. கடைசி பெஞ்சில் குசுகுசுப்பு. பிறகு சிரிப்பு. வெள்ளைச் சட்டைதான்! எங்கிருந்து வந்தது அந்தக் கோபம்? ஆங்கில வகுப்பில், அத்தனை பேர் முன்னால், என் வாயிலிருந்து வந்தது இது:

"ஏலே வெள்ளச்சட்ட! என்னல சிரிப்பு? எந்திரில!"

அவர் எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

"ஒங்கிட்ட என்ன இருக்கு? இங்கிலீஷ்ல சொல்லு."

"ஐ ஹேவ் எ பேட் ஃபிரண்ட், மிஸ்" என்று பக்கத்திலிருந்த டீச்சரைக் காட்டினார்.

"நீ சொல்லுத ஹேவ் சரி. குணம் சரியில்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவுதான், நாக்கு அவிழ்ந்துவிட்டது! குடை விரிந்தது, காய்ச்சல் கைக்குட்டையை நெற்றியில் கட்டினேன், ஃபிளாஸ்க் காபியைத் தலைமை ஆசிரியைக்கே ஊற்றிக் கொடுத்து ஹேவ் சொல்ல வைத்தேன். மணி அடித்தபோது எனக்கு நிறுத்தவே மனமில்லை. பதினோரு வருடம் எங்கே போயிருந்தேன் நான்?

வெளியே வரும்போது ஆபீஸ் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "யம்மா, நீங்க எந்திரிக்கச் சொன்னது யாருன்னு தெரியுமா? அவியதான் தாளாளர். பள்ளிக்கூடமே அவியளோடது."

பஸ் மார்க்கெட் தாண்டும்போதுதான் அடுத்தது உறைத்தது. நான் அவரை உட்காரச் சொல்லவே இல்லை. கடைசி வரைக்கும் நின்றார். கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. கர்த்தாவே.

இரவு இவரிடம் சொன்னேன். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வேலை போச்சு. ஆனால் நல்லா நடத்தினேன். அது எனக்குத் தெரியும்.

மே 24, சனி

லேசாகக் காற்று. எட்டரைக்குத் தெரியாத நம்பர்.

"மிஸ், வெள்ளச்சட்ட பேசுதேன்."

அடுக்களையில் தோசைக் கரண்டியோடு விறைத்து நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் விடவில்லை.

"ஜூன் ரெண்டாந்தேதி வந்துருங்க. ஆறாங்கிளாஸ் பி செக்சன். அம்பத்திரண்டு பிள்ளைய, ஒண்ணும் சொன்னபடி கேக்காது. ஒங்கள மாரி ஒரு ஆளத்தான் தேடிட்டு இருந்தேன். ஒரே ஒரு சந்தேகம், மிஸ்."

"சொல்லுங்கய்யா."

"நேத்துலேருந்து நிக்கேன். உக்காரலாமா?"

"உக்காருங்க" என்பதற்குள் அழுதுவிட்டேன்.