இடது கைக்கு மட்டும் பழசு

என்னங்க,

சாப்பாட்டு மேசையில் கிடந்த உங்கள் பழைய இடது கையுறையைக் குப்பையில் போட்டுவிட்டேன். வியர்வையும் கிரீஸும் ஊறிய அந்த நாற்றத்தில் காப்பிகூட இறங்கவில்லை.

உள்ளங்கையில் இரட்டைத் தோல் வைத்துத் தைத்த ஜோடியாகப் பார்த்து வாங்கித் தந்தேன். அதில் வலதை மட்டும் மாட்டிக்கொண்டு, "ஒண்ணொண்ணா போட்டா ரெட்டிப்பு நாள் உழைக்கும்டி" என்று பெருமை வேறு! இரும்புத் தகட்டின் விளிம்பைத் தாங்கிப் பிடிப்பது இடது கைதானே? நேற்று அதில் தையல் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது எனக்குக் குமட்டியது. ரத்தத்தைப் பார்த்து அல்ல, உங்கள் கஞ்சத்தனத்தைப் பார்த்து.

அலமாரியில் பதுக்கிய புது இடதை வேலைப் பையில் வைத்துவிட்டேன். சோறு அடுப்படியில் மூடியிருக்கிறது. குப்பையைக் கிளறினால் தெரியும் சேதி!

பி.கு.: தையல் நனையக் கூடாது. நீங்களாகக் குளிக்காதீர்கள், மாலையில் வந்து நானே தலைக்கு ஊற்றிவிடுகிறேன். ஆனால் பேசமாட்டேன்.