இடப்பக்கம் சாய்ந்த முத்திரை

2003 ஏப்ரல் 7, திங்கள்

புது இடம். பழைய கட்டடத்தின் கீழ்த்தளம், வரைபடக் கிடங்குக்குப் பக்கத்து அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி. தொலைபேசி கிடையாது. எங்கள் கம்பெனியின் கமோஷிகா ஜீப்புக்கு நவம்பரில் நாற்பது வயதாகிறது. அதன் ஐந்து தலைமுறைகளின் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். எனக்கு முன் இந்த அறைக்கு வந்த மூன்று பேரும் தாங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்குத்தான் இந்த அறை.

அகுட்சு இறங்கி வந்து பார்த்தான். என்னிடம் வேலை பழகியவன், இப்போது துறைத் தலைவன். இருபது வருடம் ‘சார்’ போட்ட வாய்.

“என்ன மிசுகோஷி, இடம் வசதியா இருக்கா? வெளிச்சம்தான் கொஞ்சம் கம்மி. உங்களுக்கென்ன, பழசெல்லாம் கண்ணை மூடினாலே தெரியுமே.”

ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். போக மாட்டேன்.

ஏப்ரல் 24

முதல் தலைமுறை முடிந்தது. 1963. கித்தான் கூரை, கதவு கிடையாது, மழை உள்ளேயும் பெய்யும். காட்டு இலாகாக்காரர்களையும் மலையில் மின்கம்பம் நடுகிறவர்களையும் தவிர யாரும் வாங்கவில்லை. அவர்களும் திட்டிக்கொண்டேதான் இருபது வருடம் ஓட்டினார்கள். நல்ல வண்டி.

மே 15

இரண்டாம் தலைமுறை, 1972. இது என்னுடையது. மாற்றுச் சக்கரத்தைப் பின்கதவில் தொங்கவிட்டோம். கல்லுப் பாதைச் சோதனையில் நூறு கிலோமீட்டர்கூடத் தாங்காமல் கீல் பிய்ந்து, கதவும் சக்கரமும் சேர்ந்து விழுந்தன. அதன் பிறகுதான் கதவைத் தொடாமல், அடிச்சட்டத்திலிருந்து தனியாக ஒரு தாங்கி வைத்தோம். மூன்றாவதில் சுருள்வில் வந்தது. நான்காவதில், கடைக்குப் போகிறவர்களுக்காக மூலைகளை உருட்டினார்கள். ஐந்தாவதில் தோல் இருக்கை வேறு, வெட்கக்கேடு. அந்தத் தாங்கி மட்டும் அப்படியே இருக்கிறது. என் தாங்கி. என் மகனுக்கு நான் ராஜா கதை சொன்னதில்லை, இதைத்தான் சொன்னேன்.

ஜூன் 3

அத்தியாயம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ‘மிசுகோஷி’யை அடித்துவிட்டு ‘கனாமோரி’ என்று எழுதியிருக்கிறான் அகுட்சு. கனாமோரி அன்று எங்கள் பிரிவுத் தலைவர், இன்று மூத்த இயக்குநர். நேரே மேலே போனேன்.

“கனாமோரி சார் அந்தத் தாங்கியைத் தொட்டுக்கூடப் பார்க்கலை! உனக்கே தெரியுமே!”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் அப்ப பள்ளிக்கூடத்துல இருந்தேன். நீங்க சொல்லிக் கேட்டதுதான். காகிதம் இருந்தா காட்டுங்க, போடறேன்.”

அறையில் அத்தனை பேரும் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காகிதம்தானே. காட்டுகிறேன்டா.

ஜூன் 11

கிடங்கில் ஏழாம் நாள். தூசி, இருமல். ஒன்றும் இல்லை.

ஜூன் 13

தாங்கியின் மூல வரைபடம் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

தாளின் மூலையில் மூன்று கட்டம், கையெழுத்துக்குப் பதில் மூன்று பெயர் முத்திரை. ஒப்புதல் — கனாமோரி, நிமிர்ந்து நேராக. சரிபார்த்தது — மிசுகோஷி. பக்கத்துக் கட்டத்து மேலதிகாரியைக் கும்பிடுவது போல இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்து, நாங்கள் எல்லோரும் குத்துகிற விதத்தில். வரைந்தது — இசோபே. அது கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது.

இசோபே சுமி. நாங்கள் வரைந்ததைப் பிரதி எடுக்கவும் காப்பி ஊற்றவும் வைத்திருந்த இருபது வயதுப் பெண். தாளின் ஓரத்தில் பென்சிலில் கணக்கு, அவள் எழுத்து. நான் முதலில் வரைந்த தாளும் கூடவே இருந்தது. அதில் தாங்கியே இல்லை. கீலைத் தடியாக்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

பொய் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லையே — சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேனா? முப்பது வருடமா?

ஜூன் 15, ஞாயிறு

இசோபேயை விசாரித்துக்கொண்டு போனேன். கல்யாணத்துக்காக வேலையை விட்டவள், மிக்காபி என்ற ஊரில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கிறாள். வாசலில் துருப்பிடித்த இரண்டாம் தலைமுறை கமோஷிகா. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

“மிசுகோஷி சாரா? காப்பிக்கு இன்னும் மூணு சர்க்கரைதானா?”

வரைபடத்தின் நகலைக் கொடுத்தேன். அவள் முத்திரையைத்தான் பார்த்தாள்.

“இது மூணாவது தாள் சார். முதல் தாள்ல நேராக் குத்திட்டேன். ‘யாருக்கு முன்னாடி நிமிந்து நிக்கறே?’ன்னு கிழிச்சீங்க. அடுத்ததுல சாய்ச்சது போதலைன்னு கிழிச்சீங்க. ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் உக்காந்து வரைஞ்சேன். ஞாபகம் இருக்கா?”

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிரித்துக்கொண்டே கிழித்தேன்.

“புத்தகத்துல உங்க பேரைப் போடறேன்” என்றேன். அவளை ‘உங்க’ என்றது இதுதான் முதல் தடவை.

“அதெல்லாம் எதுக்கு சார்...” என்றாள். முத்திரையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, “நிஜமாவா? எத்தனாம் பக்கம்?”

“அறுபத்திரண்டு.”

“எங்க வீட்டுக்காரர் நம்பறதே இல்ல. ‘உன் தாங்கிதானே, நீயே எண்ணெய் போடு’ன்னு முப்பது வருஷமாக் கேலி.”

ஜூன் 23

வரைபடத்தை அகுட்சுவிடம் வைத்தேன். சிரிக்க ஆரம்பித்தவனால் நிறுத்த முடியவில்லை.

“ஆக, உங்களோடதும் இல்லையா!” எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். “யாருக்கும் சொல்ல மாட்டேன். கனாமோரி சார் பேரு இருக்கட்டும். கீழே ‘உதவி: மிசுகோஷி’ன்னு ஒரு வரி. மூணு வருஷமும் மேல்தளத்துல, உங்க பழைய மேசையிலயே. இல்லேன்னா இந்தத் தாளை ஊரே பாக்கட்டும். ஒரு வாரம் யோசிங்க.”

ஜூன் 24

காலை ஒன்பது மணிக்கே போய்ச் சரி என்றேன்.

ஜூலை 4

புத்தகத்துக்குத் தேவைப்படாத தாள்களை அழிக்கச் சொல்லி உத்தரவு. கிழிக்கும் இயந்திரத்தில் நானே போட்டேன். அவளுடைய மூன்றாவது தாளும் என் கையாலேயே.

ஜூலை 7

அச்சுக்கான ஒப்புதல் படிவம். என் முத்திரையைக் குத்தியதைப் பார்த்து, “கீழ விழுந்துடப் போகுது சார்” என்றான் அகுட்சு. மறுபடி சார்.

டிசம்பர் 5, வெள்ளி

மேசை மேல் ஒரு பெட்டி கமலா ஆரஞ்சு. உள்ளே ஒரு அட்டை.

“மிசுகோஷி சாருக்கு. புத்தகம் கடையில் கிடைக்காதாமே, கம்பெனிக்காரர்களுக்கு மட்டும்தானாமே. ஒரு பிரதி அனுப்ப முடியுமா? வீட்டுக்காரருக்குக் கண் மங்கிவிட்டது. அறுபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு அடையாளம் வைத்து அனுப்பினால் படித்துக் காட்டுவேன். இசோபே சுமி.”

அட்டையைக் கிழித்துப் போட்டேன். பழங்களை அறையில் எல்லோருக்கும் கொடுத்தேன். அகுட்சு நாலு எடுத்துக்கொண்டான். நானும் இரண்டு தின்றேன். நல்ல இனிப்பு.